குலமரபும் அருள்மரபும்

தம் முன்னோர் யாவர் என அறியும் விழைவு மாந்தர்க்கு இயல்பானது. அவ்விழைவு முன்னோருள் பெரியார் ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்னும் ஆசையாக வளர்வதும் இயல்பே. சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தாய்மாமன் எங்கள் குடும்பத்தின் கொடிவழியைத் தொகுக்கத் தொடங்கினார். பழைய கிரயப் பத்திரங்கள், சாதகக் குறிப்புகள், திருமண மொய்க் குறிப்பேடுகள் ஆகியவற்றைக் கொண்டு ஐந்து தலைமுறை வரை ஏறினார். அதற்கு மேல் இரண்டு தலைமுறை விடுபட்டிருக்க, அவ்விடைவெளிக்கு அப்பால் உண்ணாமுலை என்றொரு பாட்டியின் பெயர் கிடைத்தது. வடலூர் வள்ளலாரின் தமக்கையார் பெயரும் உண்ணாமுலை. ஆகவே நாம் வள்ளலார் வழியினர் என எழுதிவிடலாமா, நீ தமிழ் ஆய்ந்து பட்டம் பெற்றவளாயிற்றே, ஆம் என்று ஒரு சொல் சொல் என்று கேட்டார். எண்பதை நெருங்கும் அவர் கண்களில் இருந்த ஆவலைக் கண்டு மறுமொழி கூற இயலாது திரும்பினேன். அம்மறுமொழியைத் தேடி அடிகளாரின் வாழ்க்கையை மீண்டும் பயின்றதன் பயனே இக்கட்டுரை.

பிறந்த குடி

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமலிங்கர் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை. தாயார் பொன்னேரிக்கு அருகிலுள்ள சின்னக்காவணத்தைச் சார்ந்த சின்னம்மையார். இராமையா பிள்ளை முன்னர் மணந்த ஐவரும் மகப்பேறின்றி ஒருவர்பின் ஒருவராக மறைய, ஆறாவதாகச் சின்னம்மையாரை மணந்தார் என்பர் வரலாறு எழுதினோர். சபாபதி, பரசுராமன் என்னும் ஆண்மக்கள் இருவர்க்கும், உண்ணாமுலை, சுந்தரம் என்னும் பெண்மக்கள் இருவர்க்கும் பின் ஐந்தாம் மகவாகத் தோன்றியவர் அடிகளார்.

கருணீகர் மரபு ஊர்க்கணக்கு எழுதும் மரபு. எந்த நிலம் யாருடையது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எவ்வளவு வரி என்பதை ஏட்டில் ஏற்றிக் காப்பது அக்குடியின் தொழில். இராமையா பிள்ளை மருதூர்க் கணக்கராக விளங்கியதோடு சிறுவர்க்குக் கல்வியும் கற்பித்தார். மகன் பிறந்த சில திங்களிலேயே அவர் மறைந்தார். தந்தையின் முகம் நினைவில் நில்லாப் பருவத்திலேயே அடிகளார்க்குத் தந்தை வழிப் பற்று அறுந்தது. கைம்மையுற்ற தாய் மக்களுடன் தம் பிறந்தகம் சென்று, பின்னர்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்.

தமையனார் இல்லம்

காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் பயின்ற தமையனார் சபாபதி பிள்ளை, புராண விரிவுரை ஆற்றிக் குடும்பத்தைத் தாங்கினார். தம்பியை முறைப்படி கற்பிக்க அவர் எடுத்த முயற்சி பயன் தரவில்லை. சிறுவர் கந்தகோட்டம் சென்று பாடுவதையே கல்வியாகக் கொண்டார். சினந்த தமையனார் உணவு தரலாகாது எனக் கட்டளையிட, அண்ணியார் பாப்பாத்தி அம்மையார் மறைவில் அழைத்து அமுதூட்டினார் என்பது வழிவழி வரும் செய்தி. பசித்தவர்க்கு உணவிடுதலே பேரறம் என்று பிற்காலத்தில் நாட்டிய பெருமானின் வாழ்வில், பசித்தபோது அன்னமிட்ட கை அண்ணியார் கையாக இருந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஒருநாள் தமையனார் நோயுற, முத்தியாலுப்பேட்டையில் அவர் நிகழ்த்தி வந்த பெரியபுராண விரிவுரைக்குத் தம்பி சென்றார். கேட்டோர் வியந்தனர். அதன்பின் அவரே தொடர வேண்டும் என விரும்பினர்.

தேர்ந்துகொண்ட முன்னோர்

குருதி வழியில் தந்தையை இழந்தவர் அருள் வழியில் தம் முன்னோரைத் தாமே தேர்ந்துகொண்டார். திருஞானசம்பந்தரைக் குருவாக வரித்தார். திருவாசகத்தில் உள்ளம் தோய்ந்தார். சமய முதல்வர் நால்வர் மீதும் அருண்மாலைகள் பாடினார். கவிஞர் ஒருவர்க்கு இருவகைக் கொடிவழி உண்டு. ஒன்று பெற்றோர் வழி, மற்றொன்று பயின்றோர் வழி. இரண்டாவதை அடிகளார் எவ்வளவு போற்றினார் என்பதற்கு அவருடைய பதிப்புப் பணியும் சான்றாகும். 1851இல் ஒழிவிலொடுக்கத்தையும், 1857இல் சின்மய தீபிகையையும் அச்சேற்றினார். மறைந்துபோகக்கூடிய ஏடுகளை அடுத்த தலைமுறைக்கு வழங்கும் பணியும் ஒருவகை மகப்பேறே ஆகும்.

1854இல் வெளிவந்த அவருடைய மனுமுறைகண்ட வாசகம் ஈண்டுக் கருதத்தக்கது. தன் ஒரே மகனின் தேர்க்காலில் கன்று மடிய, அதன் தாய்ப்பசுவின் துயரைக் கண்டு அம்மகன் மீதே தேர் ஊர்ந்த சோழன் கதை அது. தன் குலம் தழைப்பதினும் பிறிதோர் உயிரின் முறையீடு பெரிது என்பது அக்கதையின் உயிர்ப்பொருள். சோழர் குலப்பெருமை பேசும் கதையைக் குலத்தைக் கடந்த அறத்தின் கதையாக உரைநடையில் வடித்தார் அடிகளார்.

திருமணமும் துறவும்

உற்றார் வற்புறுத்தலுக்கு இணங்கி 1850ஆம் ஆண்டளவில் தமக்கையார் உண்ணாமுலையின் மகள் தனக்கோடியை மணந்தார். எனினும் இல்லறத்தில் அவர் உள்ளம் ஈடுபடவில்லை. மகப்பேறும் இல்லை. ஆதலின் வள்ளலாரின் நேர்வழியினர் என எவரும் உரிமை கொண்டாட இடமில்லை. உடன்பிறந்தார் வழியினரே அவர்தம் குருதியுறவினர் ஆவர். அம்மையாரின் வாழ்வை நினைக்குந்தோறும் பெண்ணாகிய என் நெஞ்சு சற்றுத் தயங்குகிறது. உறவினர் கூடி முடித்த மணத்தின் சுமையை இருவரும் சுமந்தனர். நம் வரலாறுகள் ஒருவர் சுமையையே பேசுகின்றன.

சென்னையை நீங்கிய அடிகளார், கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் 1867 வரை தங்கினார். குருதியுறவு ஏதுமில்லாத அவ்வீடே அவர்க்கு நெடுநாள் உறைவிடமாயிற்று. அங்கிருந்த காலத்தே 1865இல் சங்கம் கண்டார். தம்மை இராமலிங்க சாமி என வழங்குவதை அவர் விரும்பவில்லை. அது ஆரவாரமாகத் தோன்றுவதாக அன்பர்க்குக் கடிதம் எழுதினார். சிதம்பரம் இராமலிங்கம் என்றே கையொப்பமிட்டார். குலப்பெயர் அதில் இல்லை.

1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் திருவருட்பா முதல் நான்கு திருமுறைகள் வெளிவந்தன. அப்பாடல்களைத் திருமுறை வரிசையில் வைத்து எண்ணலாமா என்னும் வினா எழுந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மறுத்தெழுதினார். பூசல் வளர்ந்து 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அதுவும் ஒரு மரபுரிமை வழக்கே என்பேன்: சைவப் பாமரபின் கொடிவழியில் இவர்க்கு இடம் உண்டா என்பதே வழக்கின் உள்ளீடு.

எண்பது காணி

வடலூரில் எண்பது காணி நிலத்தை, அதாவது நூறு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்பை, ஊர்மக்கள் மனமுவந்து எழுதிக்கொடுத்தனர். 1867 மே 23ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கியது. 21 அடி நீளமும், இரண்டரை அடி அகலமும், இரண்டரை அடி ஆழமும் உடைய அடுப்பு மூட்டப்பெற்றது. அத்தீ இன்றும் அணையாது எரிகிறது. எந்த நிலம் யாருடையது என ஏடெழுதிய கணக்கர் மகன், பசித்தவர் எவராயினும் அவரே உரியவர் என்னும் புதுக்கணக்கைத் தொடங்கினார்.

1872 சனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று எண்கோண வடிவான சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கிற்று. சாதி, சமயம், குலம், கோத்திரம் முதலிய வேறுபாடுகளை அவர் கைவிடச் சொன்னார். இறந்தோரை எரியாது புதைக்க வேண்டும். கருமாதி, திதி முதலிய சடங்குகள் வேண்டா. அந்நாளில் ஏழைகட்கு உணவளித்தல் சாலும் என்றார். கணவனை இழந்த மனைவி தாலி வாங்குதல் வேண்டா என்றும் கூறினார். முன்னோர்க்குரிய நீர்க்கடனைச் சோற்றுக் கடனாக மாற்றினார் எனச் சுருங்கக் கூறலாம். 1873 அக்டோபர் 22ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் கொடி கட்டிப் பேருபதேசம் செய்தார். 1874 சனவரி 30ஆம் நாள் சித்திவளாகத்து அறையுள் புகுந்து திருக்காப்பிட்டுக்கொண்டார். 1878இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கையேடு அச்செய்தியைப் பதிந்துள்ளது. புதைத்த இடம் என ஒன்றும் இல்லை.

மாமாவுக்குச் சொன்ன மறுமொழி

உண்ணாமுலை என்பது திருவண்ணாமலை அம்மையின் பெயர். இப்பகுதியில் எத்தனையோ வீடுகளில் வழங்கிய பெயர். பெயரொப்புமை உறவுக்குச் சான்றாகாது. விடுபட்ட இரண்டு தலைமுறையை ஆவலால் நிரப்புதல் ஆய்வும் அன்று. அடிகளார்க்கு உகந்த செயலும் அன்று. இதனை மாமாவிடம் எடுத்துரைத்தேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், தாம் சிறுவராய் இருந்தபோது பஞ்ச காலமொன்றில் தருமச்சாலையில் பலநாள் உண்டதை முதன்முறையாகக் கூறினார். நாணத்தால் இதுகாறும் எவரிடமும் கூறாத செய்தி அது. குலப்பெருமை வேண்டி அவர் தேடிய உறவு, அவர் மறைத்து வைத்த அச்செய்தியிலேயே இருந்தது.

கொடிவழி ஏட்டில் அவ்விடைவெளி இன்றும் வெற்றிடமாகவே உள்ளது. அதன் கீழ், இக்குடும்பத்தார் சாலையில் உண்டவர் என ஒரு வரியை மாமா தம் கையாலேயே சேர்த்தார். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் கவிஞர்களும் தத்தம் பாமரபை ஆராயும்போது, யாருக்குப் பிறந்தோம் என்பதோடு யார் இட்டதை உண்டு வளர்ந்தோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.