மண்ணடுக்கில் காலம் கண்டவர்: மார்ட்டிமர் வீலர்

தமிழகத்தின் தொன்மையைப் பேசப் புகுவோர் யவனரைச் சுட்டாமற் செல்வதில்லை. சங்கப் பாடல்களில் யவனர் கலம் வருகின்றது. அவர்தம் பொன்னும் தேறலும் பாவை விளக்கும் வருகின்றன. ஆயினும் அப்பாடல்களில் ஆண்டுக் கணக்கு இல்லை. இலக்கியம் காட்டும் அவ்வாணிகம் எந்நூற்றாண்டில் நிகழ்ந்தது, எத்துறையில் நிகழ்ந்தது என்னும் வினாக்களுக்கு மண்ணிலிருந்து விடை தேடித் தந்த பெருமகனாருள் ஒருவர் சர் மார்ட்டிமர் வீலர். அவர் தமிழ் அறிந்தவர் அல்லர். தமிழகத்தில் அவர் தங்கிய நாள்களும் மிகச் சிலவே. எனினும் தமிழ் பயிலும் மாணவர் அறிந்திருக்க வேண்டிய பெயர் அவருடையது.

வீலர் 1890-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் இதழாளர். இளமை இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கழிந்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கிரேக்க, இலத்தீன் இலக்கியம் பயின்றவர், 1913-இல் கிடைத்த ஆய்வு உதவித்தொகையைக் கொண்டு ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரையிற் கிடைத்த உரோமானியப் பானைகளை ஆராய்ந்தார். உடைந்த பானையோட்டைக் கொண்டு ஊரின் வயதைச் சொல்லும் பயிற்சி அவருக்கு அங்கேயே வாய்த்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் வங்கக் கடலோரத்தில் அப்பயிற்சி கைகொடுத்தது.

அதே ஆண்டில் ராக்சிட்டர் என்னும் உரோமானிய நகரின் அகழாய்வில் அவரோடு பணியாற்றிய மாணவர் நால்வர். முதல் உலகப் போர் முடிந்தபோது அவ்வைவருள் உயிரோடு எஞ்சியவர் வீலர் ஒருவரே. பீரங்கிப் படையில் பணியாற்றி வீரப்பதக்கமும் பெற்றுத் திரும்பிய அவருக்கு, தம் தலைமுறையின் பணி முழுவதும் தம் தோள்மேல் விழுந்ததாகத் தோன்றியது. அவரிடம் இறுதிவரை காணப்பட்ட விரைவுக்கும் கடுமைக்கும் இதுவே காரணம் எனலாம்.

வேல்சு நாட்டு அருங்காட்சியகத்திலும் இலண்டன் அருங்காட்சியகத்திலும் தலைமைப் பொறுப்பு வகித்த அவர், துணைவியார் டெசாவுடன் இணைந்து வெருலேமியம் என்னும் உரோமானிய நகரை 1930 முதல் அகழ்ந்தார். அதனையடுத்து மெய்டன் காசில் என்னும் கோட்டையை ஆராய்ந்தார். அப்பணி நடந்துகொண்டிருந்த 1936-இல் டெசா மறைந்தார். வீலர் பெயரால் வழங்கும் அகழாய்வு முறையில் அவ்வம்மையாரின் உழைப்பு பெரும்பங்கு உண்டு; நூல்கள் அதனைக் குறைத்தே கூறுகின்றன.

அம்முறை யாது? நிலத்தைச் சதுரங்களாகப் பகுத்து, சதுரங்களுக்கிடையே மண்வரப்பை வெட்டாது விட்டுத் தோண்டுவது. அவ்வரப்பின் பக்கச் சுவரில் மண்ணடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். கிடைத்த பொருள் எவ்வடுக்கிற் கிடைத்தது என்பதை உடனுக்குடன் குறித்துக்கொள்ளலாம். அடுக்கு தெரியாத பொருள் எத்துணை அழகியதாயினும், அது முகவரி இழந்த மடல் போன்றதே. இன்று கீழடியிற் காணும் சதுரக்குழிகள் இம்முறையின் வழிவந்தனவே.

இரண்டாம் உலகப் போரில் மீண்டும் படையிற் சேர்ந்த வீலர், வட ஆப்பிரிக்காவில் லெப்திசு மாக்னா போன்ற உரோமானிய இடிபாடுகள் படைவீரரால் சிதையாவண்ணம் காக்க முயன்றார். வட ஆப்பிரிக்காவில் இருந்தபோதே இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் பதவிக்கு அழைப்பு வந்தது. 1944-இன் தொடக்கத்தில் இந்தியா வந்து சேர்ந்தார். அவ்வாண்டே தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி நடத்தி இந்திய இளைஞர் பலரை உருவாக்கினார். பின்னாளில் துறைக்குத் தலைமை ஏற்ற பி. பி. லால், பி. கே. தாப்பர் ஆகியோர் அங்குப் பயின்றவரே.

தென்னாட்டுத் தொல்லியலுக்கு அந்நாளில் இருந்த குறை ஒன்று. கல்வட்டங்களும் ஈமத்தாழிகளும் ஆயிரக்கணக்கிற் கிடந்தன. ஆனால் அவற்றின் காலத்தை அறுதியிட ஒரு நிலையான ஆண்டு இல்லை. நம் மாவட்டத்து மோட்டூரில் கல்வட்டங்களிடையே நிற்கும் மனித உருவக் கல்லைக் கண்டோர் இவ்விடர்ப்பாட்டை எளிதில் உணர்வர். கல் பேசாது, அருகிற் கிடக்கும் ஓடு பேச வேண்டும்.

1944-இல் சென்னை அருங்காட்சியகத்தின் பேழை ஒன்றில் வீலர் கண்ட மண்கலத் துண்டு மத்தியதரைக் கடல் நாடுகளில் மது ஏற்றும் சாடியின் பகுதி. அது புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேட்டிற் கிடைத்தது என அறிந்ததும் அவர் புதுச்சேரிக்கு விரைந்தார். ஆங்குப் பொது நூலகத்தின் கண்ணாடிப் பேழையில் இத்தாலியின் அரெசோ நகரத்துச் செந்நிற மெருகுக் கலத்தின் துண்டுகள் இருந்தன. அத்தகைய கலத்தின் காலம் ஐரோப்பாவில் நன்கு வரையறுக்கப்பட்டிருந்தது: கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதி முதல் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை.

ஈண்டு ஒன்று கூறவேண்டும். அரிக்கமேட்டைக் 'கண்டுபிடித்தவர்' வீலர் அல்லர். பல்லவர் குடைவரைகளை ஆராய்ந்து நூல் எழுதிய பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் அம்மேட்டின் உரோமானியத் தொடர்பை 1937-இலேயே உணர்ந்து அறிவித்தவர். (அவர் ஆராய்ந்த மகேந்திரவர்மன் கலைப்பாணிக்கு நம் மாவட்டத்து மாமண்டூரும் சீயமங்கலமும் சான்றுகள்.) 1941-இல் பிரெஞ்சுக்காரர் அங்கு அகழவும் செய்தனர். வீலர் செய்தது, கிடைத்தவற்றை அடுக்கு வாரியாகக் காலத்தில் நிறுத்தியதே. அது சிறிய செயலன்று.

1945-இல் அகழாய்வு நடந்தது. ஆற்றங்கரை ஆதலின் குழிகளில் நீர் ஊறியது. பம்பு வைத்து இறைத்துக்கொண்டே தோண்டினர். 150 அடி நீளமுள்ள செங்கற் கட்டடம் ஒன்று வெளிப்பட்டது. அது பண்டகசாலை என்றார் வீலர். தொட்டிகள் சில வெளிப்பட்டன. அவை துணிக்குச் சாயம் ஏற்றப் பயன்பட்டன எனக் கருதினார். தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் மணிகளும் கிடைத்தன. பெரிப்ளூசு நூல் கூறும் பொதுகே என்னும் துறைமுகம் இதுவே என முடிவு செய்து, 1946-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். 1947-இல் கருநாடகத்துப் பிரம்மகிரியில் அகழ்ந்தபோது, அரிக்கமேட்டில் இத்தாலியக் கலத்தோடு கிடைத்த வரிக்கோலமிட்ட தட்டுகளே கிடைத்தன. அவற்றின் அடுக்குக்குக் கீழே பெருங்கற்காலப் பண்பாடு இருந்தது. இவ்வாறு, இத்தாலியக் குயவன் வனைந்த கலம் ஒன்று தென்னாட்டுக் கல்வட்டங்களின் காலத்துக்கு அளவுகோலாயிற்று.

காசுகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1954-இல் வெளிவந்த, உரோமானியப் பேரரசின் எல்லைக்கு அப்பாற்பட்ட வாணிகம் பற்றிய நூலில், இந்தியத் துணைக்கண்டத்தில் உரோமக் காசு கிடைத்த இடங்கள் 68 எனவும், அவற்றுள் 57 விந்தியத்துக்குத் தெற்கே உள்ளவை எனவும் கணக்கிட்டார். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக்காசுகள் மிகுதி; கி.பி. 64-இல் நீரோ காசின் வெள்ளியளவைக் குறைத்தபின் அவற்றின் வரத்துத் தளர்ந்தது. பேரரசரின் முகத்தில் உளியால் வெட்டப்பட்ட பொற்காசுகளும் உள. முகத்துக்கு மதிப்பில்லை, எடைக்கே மதிப்பு என்பதுபோல் அவை தோன்றுகின்றன. எனினும் காசு தலைமுறை தலைமுறையாகப் புழங்கும், புதைந்தும் கிடக்கும்; எளிதில் உடையும் கலமே காலத்துக்கு நெருங்கிய சான்று. செங்கம் வட்டத்து ஆண்டிபட்டியில் கிடைத்த, பிராமி எழுத்துடைய ஈயக்காசுகளை எண்ணுவோர், பொன்வரவு இருந்த நாளிலேயே இங்குச் சிற்றரசரும் தம் பெயரிற் காசு வெளியிட்டனர் என்பதையும் மறத்தலாகாது.

வீலரின் முடிபுகள் அனைத்தும் நிலைபெறவில்லை. அரிக்கமேட்டை உரோமானியர் வந்து எழுப்பிய வாணிகத் தளம்போல அவர் கண்டார். விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை அங்கு மீண்டும் அகழ்ந்தபோது, யவனர் வருகைக்கு முன்பே அங்கு ஊர் இருந்தமையும், அவர் கருதிய காலத்துக்குப் பின்னும் அது நீடித்தமையும் புலனாயின. வரிக்கோலத் தட்டுகள் இந்திய மண்ணில் வனையப்பட்டவை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. மொகஞ்சதாரோவில் கிடைத்த எலும்புக்கூடுகளைக் கொண்டு ஆரியர் படையெடுத்து அழித்தனர் என அவர் கூறியதையும் அறிஞர் கைவிட்டனர். வெளியிலிருந்து வருவோரே மாற்றத்தை விளைப்பர் என்னும் பேரரசுக் காலத்து எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை என்பது நம் கருத்து. ஆனால் அவர் தவறுகளைத் திருத்தியவர்களும் அவர் வகுத்த மண்ணடுக்கு முறையைக் கொண்டே திருத்தினர்.

1948-இல் பதவிக்காலம் முடிந்து நாடு திரும்பியவர், 1952-இல் சர் பட்டம் பெற்றார். தொலைக்காட்சியிலும் தோன்றிப் பொதுமக்களிடம் புகழ் எய்தினார். 1976-ஆம் ஆண்டு சூலை 22-ஆம் நாள் மறைந்தார். அரிக்கமேட்டில் அவர் வெட்டிய குழிகள் தூர்ந்துவிட்டன. அங்கெடுத்த ஓடுகளிற் சில இன்றும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் உள்ளன. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியே பேருந்தேறினால் ஒரே நாளில் சென்று கண்டு திரும்பலாம்.