பிரான்சஸ் ஹார்ப்பர் அம்மையார்

அரசர்களின் வரலாற்றை எழுதக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு. விலைக்கு விற்கப்பட்ட மனிதர்களின் வரலாற்றுக்கோ, பெயரும் வயதும் விலையும் குறித்த கணக்கேடுகளே பெரும்பாலும் எஞ்சின. அவ்வேடுகள் ஒரு தாய் தன் மகளை எந்தச் சந்தையில் பிரிந்தாள், பின்னர் எவ்வாறு தேடினாள் என்று கூறுவதில்லை. அமெரிக்க நாட்டு அடிமைப் பெண்களின் வாழ்வில் இந்தக் குறையைக் கதையின் வாயிலாக நிரப்ப முயன்றவர்களுள் முதல் வரிசையில் வைத்துப் போற்றத்தக்கவர் பிரான்சஸ் எலன் வாட்கின்ஸ் ஹார்ப்பர் அம்மையார் ஆவார்.

அம்மையார் 1825ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரில் பிறந்தார். பெற்றோர் கறுப்பினத்தவராயினும் அடிமைகள் அல்லர். ஆனால் அடிமை முறை நிலவிய மாநிலத்தில் அந்தச் சுதந்திரம் நூலிழையில் தொங்கியது. மூன்று வயதிலேயே அனாதையான குழந்தையைச் சிற்றப்பா முறையினரான வில்லியம் வாட்கின்ஸ் வளர்த்தார். அவர் கறுப்பினச் சிறுவர்களுக்கெனப் பள்ளி நடத்தியவர். அடிமை ஒழிப்புக்காகப் பேசியும் எழுதியும் வந்தவர். அப்பள்ளியே அம்மையாரின் முதற் கல்விச்சாலை.

வறுமை காரணமாகப் பதின்மூன்றாம் வயதில் பள்ளிப்படிப்பு நின்றது. ஒரு வெள்ளையர் இல்லத்தில் குழந்தைகளைப் பேணவும் துணி தைக்கவும் அமர்ந்தார். அக்குடும்பத்தாருக்குப் புத்தகக் கடை ஒன்று இருந்தது. வேலை முடிந்த வேளைகளில் அங்கிருந்த நூல்களைப் படிக்க அவருக்கு இசைவு கிடைத்தது. ஏறத்தாழ இருபதாம் வயதில் அவருடைய முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது.

1850இல் ஒஹையோ மாநிலத்தில் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் திருச்சபையினர் நடத்திய கல்விச்சாலையில் ஆசிரியை ஆனார். அங்கு அமர்ந்த முதற் பெண் ஆசிரியர் அவரே. பின்னர்ப் பென்சில்வேனியாவில் கற்பித்தார். அக்காலத்தில், வடபகுதியிலிருந்து மேரிலாந்துக்குள் நுழையும் சுதந்திரக் கறுப்பினத்தவரைப் பிடித்து அடிமையாக விற்க அம்மாநிலச் சட்டம் இடமளித்தது. அவ்வாறு நுழைந்த ஒருவர் ஜார்ஜியாவுக்கு விற்கப்பட்டார், தப்பினார், மீண்டும் பிடிபட்டு மாண்டார். இச்செய்தி அம்மையாரை உலுக்கிற்று. தாம் பிறந்த ஊருக்கே திரும்ப இயலாத நிலையில், வகுப்பறையை விட்டு மேடையேறத் துணிந்தார்.

1854 முதல் அடிமை ஒழிப்புச் சொற்பொழிவாளராக ஊர் ஊராகச் சென்றார். அதே ஆண்டில் பாஸ்டனில் வெளிவந்த அவருடைய கவிதை நூலுக்கு வில்லியம் லாயிட் காரிசன் முன்னுரை எழுதினார். கறுப்பினப் பெண் ஒருத்தி இத்துணைத் தெளிவாகப் பேசக்கூடும் என்பதை நம்ப இயலாத சிலர், அவரை ஆண் என்றும் சாயம் பூசிக்கொண்ட வெள்ளையர் என்றும் ஐயுற்றனராம்! 1858இல் பிலடெல்பியா நகரின் டிராம் வண்டியில் இருக்கையை விட்டு எழச் சொன்னபோது மறுத்துவிட்டார். கட்டணத்தை வாங்க மறுத்த நடத்துநரின் முன் அதனை வண்டித் தரையில் போட்டுவிட்டே இறங்கினார்.

1860இல் பென்டன் ஹார்ப்பர் என்பவரை மணந்தார். அவர் மூன்று குழந்தைகளுடைய மனைவியை இழந்தவர். தம் சேமிப்பைக் கொண்டு ஒஹையோவில் ஒரு பண்ணை வாங்க அம்மையார் உதவினார். மேரி என்ற மகளும் பிறந்தாள். 1864இல் கணவர் கடனோடு மறைந்தார். கடன்காரர்கள் பால் கறந்து வைக்கும் சட்டிகளையும் துணி துவைக்கும் தொட்டியையும்கூட விட்டுவைக்கவில்லை. மனைவி இறந்திருந்தால் கணவனிடம் எவரும் இவ்வாறு வந்திருக்க மாட்டார்கள் என்ற உண்மையை 1866இல் நியூயார்க்கில் கூடிய மகளிர் உரிமை மாநாட்டில் அவர் எடுத்துரைத்தார். அதே உரையில், கறுப்பினப் பெண்ணை வண்டியிலிருந்து இறக்கிவிடும் கொடுமையைக் கண்டும் காணாதிருந்த வெள்ளை மாதரையும் இடித்துரைத்தார்.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. 1867 முதல் சில ஆண்டுகள் அம்மையார் தென் மாநிலங்களில் சுற்றினார். விடுதலை பெற்றோரின் குடிசைகளில் தங்கி, அவர்கள் உண்டதை உண்டு, பள்ளிகளிலும் ஆலயங்களிலும் பேசினார். பெண்களைத் தனியே கூட்டிக் கட்டணமின்றி அறிவுரை கூறினார். 1872இல் வெளியிட்ட கவிதை நூலில், அறுபது வயதை நெருங்கிய பின் எழுத்துக் கற்கும் முதியவள் ஒருத்தியைப் பேசவைத்தார். தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவித்தல் சட்டப்படி குற்றமாக இருந்ததை எண்ணினால் அக்கிழவியின் கையிலிருந்த புத்தகத்தின் மதிப்பு விளங்கும்.

அந்நாளில் கறுப்பின மக்களின் செய்தி ஏடுகளில், விற்கப்பட்டுப் பிரிந்த தாயையும் மக்களையும் தேடும் அறிவிப்புகள் வெளிவந்த வண்ணம் இருந்தன. அத்தகைய அறிவிப்புகளை வெளியிட்ட ‘கிறிஸ்டியன் ரெக்கார்டர்’ ஏட்டில்தான் அம்மையாரின் தொடர்கதைகளும் வந்தன. ஆயினும் அவருடைய பெருங்கதை 1892இல், அவரது அறுபத்தேழாம் வயதில் வெளிவந்த ‘அயோலா லெராய்’ நாவலே.

அம்முதிய வயதில் பின்னோக்கிச் சென்று போர்க்காலக் கதையை எழுத வேண்டிய தேவை என்ன? அடிமை முறை ஒழிந்து முப்பது ஆண்டுகள் ஆகுமுன்னரே, பழைய பண்ணை வாழ்க்கையை அன்பும் நன்றியும் நிறைந்த பொற்காலமாகக் காட்டும் கதைகள் தென்னாட்டு வெள்ளை எழுத்தாளர்களால் எழுதப்பட்டு எங்கும் படிக்கப்பட்டன. மறுபுறம் கறுப்பின மக்கள் கும்பல்களால் கொல்லப்பட்டும் வாக்குரிமை பறிக்கப்பட்டும் வந்தனர். பழங்காலம் இனியது என்று நம்பவைத்துவிட்டால் அக்காலத்தை மீட்பதும் எளிதாகிவிடும். இதனை அம்மையார் உணர்ந்திருந்தார். ஆகவே தாம் நேரில் கண்டவர்களின் வாழ்வைக் கதையாக்கினார்.

கதை சந்தையில் தொடங்குகிறது. அடிமைகள் வெண்ணெயும் முட்டையும் மீனும் புதியனவா, கெட்டனவா என்று பேசிக்கொள்கின்றனர். எசமானர்களுக்கு அது வெறும் சந்தைப் பேச்சு. புதியவை என்றால் வடபடை வென்றது, கெட்டவை என்றால் தோற்றது என்பதே அதன் உட்பொருள். எழுத்தறியாதோர் என்று இகழப்பட்டவர்கள் போர்ச் செய்தியை இவ்வாறு பரப்பினர்.

கதைத் தலைவி அயோலா, பண்ணையார் ஒருவருக்கும் அவர் விடுதலை செய்து மணந்த அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவள். தன்னை வெள்ளையினத்தவள் என்றே நம்பி வளர்ந்தவள். பள்ளியில் அடிமை முறைக்காக வாதாடியவளுங்கூட. தந்தை இறந்ததும் உறவினன் ஒருவன் அவ்விடுதலையும் திருமணமும் செல்லாதெனச் செய்கிறான். தாயும் மக்களும் அடிமைகளாகின்றனர். பின்னர் மீட்கப்பட்ட அயோலா படை மருத்துவமனையில் செவிலியாகிறாள். வெள்ளை மருத்துவர் ஒருவர் மணக்க முன்வந்தும் தன் பிறப்பை மறைத்து வாழ அவள் இசையவில்லை. அவள் தொடங்கிய பள்ளி தீக்கிரையாகிறது. வட நகரில் இனம் தெரிந்ததும் வேலை பறிபோகிறது. இறுதியில் தாயைக் கண்டடைந்து, தன் மக்களுக்கு உழைக்கத் தெற்கே திரும்புகிறாள்.

தலைவியை வெண்ணிறத்தவளாகப் படைத்தது ஏன் என்று பிற்காலத் திறனாய்வாளர் குறை கூறினர். அக்குறையில் நியாயம் உண்டு. எனினும் நிறத்தால் தப்பிக்க வழியிருந்தும் தப்பிக்க மறுக்கும் உறுதியே கதையின் உயிர் என்பதையும் மறத்தல் ஆகாது. நகரத்தில் சாதியை மறைத்தால் வாடகை வீடு கிடைக்கும் என்ற நிலையை அறிந்த நம்மவர்க்கு அயோலாவின் இக்கட்டு புதியதன்று.

அம்மையார் 1896இல் கறுப்பின மகளிர் தேசியச் சங்கத்தை நிறுவுவதில் பங்கேற்று அதன் துணைத் தலைவராகவும் விளங்கினார். 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் பிலடெல்பியாவில் மறைந்தார். அமெரிக்க மகளிர் வாக்குரிமைத் திருத்தம் 1920இல்தான் வந்தது. அதன் பின்னரும் தென்னகக் கறுப்பினப் பெண்கள் நெடுங்காலம் வாக்களிக்க இயலவில்லை.

அமெரிக்க அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்டோரைப் போற்றி, மகாத்மா ஜோதிராவ் பூலே 1873இல் தம் ‘குலாம்கிரி’ நூலை அவர்களுக்குக் காணிக்கையாக்கினார். அவ்வகையில் ஹார்ப்பர் அம்மையாரும் நமக்கு உறவினரே. நம் கழகத்தின் விடுதியில் பயிலும் மாணவியர்க்கு ஒன்று கூறுவேன். வயலிலும் சுரங்கத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் உழைத்த உங்கள் பாட்டிமார் பலர்க்கு எழுதத் தெரியாது. அவர்கள் கூறுவதை விடுமுறை நாட்களில் கேட்டு, ஊரும் ஆண்டும் பிழையின்றிக் குறித்து வையுங்கள். நாம் எழுதாது விட்டால் பண்ணையார் வீட்டுக் கணக்கேடு ஒன்றே நம் வரலாறாக எஞ்சும்.