இரட்டைப் பூவின் பெயர்

தமிழ்ப்பள்ளியில் ‘ஊசியிலைக் காடு’ என்று படித்ததை, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் மீண்டும் முதலிலிருந்து படித்தேன். பெயர் மாறியதும் பொருளே மாறியதுபோல் தடுமாறினேன். அந்தத் தடுமாற்றம்தான் கார்ல் லின்னேயஸை எனக்கு நெருக்கமாக்கியது.

1707-ஆம் ஆண்டு சுவீடனில் ஒரு பாதிரியாரின் மகனாக அவர் பிறந்தார். தந்தையின் தோட்டமே அவருக்கு முதல் பள்ளி. உப்சாலா பல்கலைக்கழகத்தில் வறுமையோடு படித்தார். 1732-இல், 25 வயதில், வடக்கே லாப்லாந்துக்குத் தனியாகப் புறப்பட்டார். பைன், ஸ்புரூஸ் மரக்காடுகளையும் சதுப்பு நிலங்களையும் கடந்து, பல மாதங்கள் அலைந்து, கண்ட செடிகளையெல்லாம் குறித்து வைத்தார்.

1753-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொற்களில் லத்தீன் பெயர் தந்தார். எம்மொழியினரும் ஒரு செடியை ஒரே பெயரால் அறிய அதுவே வழியானது. வானளாவிய மரங்களுக்கும் பெயரிட்டவர், தம் பெயரைத் தாங்குவதற்கு விரும்பியதோ, பாசி படர்ந்த காட்டுத் தரையில் ஒரே காம்பில் இரண்டாகத் தொங்கும் சின்னஞ்சிறு இளஞ்சிவப்புப் பூவைத்தான். 1778-இல் அவர் மறைந்தார்.

அப்பூ விதையாக, வேறொரு செடியின் மகரந்தத்தைப் பூச்சிகள் கொண்டுவர வேண்டும். பைன் காடுகள் துண்டுதுண்டாகிப்போன ஸ்காட்லாந்தில், செடிகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் தனித்து நிற்கின்றன. பெயர் நிலைத்திருக்கிறது; பூ அரிதாகிவிட்டது.

ஏறக்குறைய என் வயதில் லின்னேயஸ் காட்டைத் தேடிப் போனார். நானோ தேர்வுக்காகப் பெயர்களை மனனம் செய்துகொண்டிருந்தேன். நண்பர்களே, பெயரை அறிந்தால் மட்டும் போதுமா?