சீமோர் கிரே: சுப்பர் கணினியின் தந்தை

கணினியின் தலைமுறைகளைப் படிக்கும்போது வெற்றிடக் குழாய், திரான்சிஸ்டர், ஒருங்கிணைந்த சுற்று என்று வரிசையாக மனனம் செய்து விடுகிறீர்கள். ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு ஏன் மாறினார்கள் என்று கேட்டால் பலர் விழிக்கிறீர்கள். இம்மூன்றையும் கொண்டு கணினி அமைத்த ஒருவரின் வாழ்க்கையை அறிந்தால் அந்தக் காரணம் தானாகவே விளங்கிவிடும். அவரே சீமோர் கிரே.

இவர் 1925 செப்டெம்பர் 28 இல், ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள சிப்பேவா போல்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு பொறியியலாளர். பத்து வயதளவில், துளையிட்ட கடதாசி நாடாவை மோர்ஸ் குறியீடாக மாற்றும் கருவியொன்றை விளையாட்டு உதிரிப் பாகங்களைக் கொண்டே செய்தார். இரண்டாம் உலகப் போரில் வானொலித் தொடர்பாளராகப் பணியாற்றிய பின், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் பிரயோக கணிதமும் கற்றார்.

1950களின் தொடக்கத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது கணினிகள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை. 1957 இல் ஆரம்பிக்கப்பட்ட கொன்ட்ரோல் டேட்டா நிறுவனத்தில் இணைந்து, திரான்சிஸ்டர்களால் இயங்கும் 1604 என்ற கணினியை வடிவமைத்தார். அது 1960 இல் வெளிவந்தது. அடுத்து அவர் கேட்டது விசித்திரமான ஒரு சலுகை. தலைமையகத்தின் கூட்டங்களும் அறிக்கைகளும் தன் வேலையைக் கெடுக்கின்றன என்பதால், சொந்த ஊரிலேயே ஓர் ஆய்வுகூடம் வேண்டும் என்றார். நிறுவனமும் இணங்கியது.

அங்கே உருவானதுதான் 6600 கணினி. 1963 இல் அறிவிக்கப்பட்டு 1964 இல் வெளிவந்த இது, செக்கனுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் அறிவுறுத்தல்களை நிறைவேற்றியது. அதுவரை முதலிடத்தில் இருந்த ஐ.பி.எம். கணினியை விட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம். இதன் இரகசியங்களில் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளீடு, வெளியீடு ஆகிய வேலைகளை 10 சிறிய முறைவழியாக்கிகளிடம் ஒப்படைத்து, மத்திய முறைவழியாக்கியைக் கணக்குக்கு மட்டும் விட்டார். கலியாண வீட்டில் பிரதான சமையற்காரர் உப்பு வாங்கக் கடைக்கு ஓடுவதில்லை அல்லவா?

இந்த வெற்றி ஐ.பி.எம். தலைவர் தோமஸ் வாட்சனை உலுக்கிவிட்டது. காவலாளி உட்பட 34 பேர் மட்டுமே உள்ள ஓர் ஆய்வுகூடத்திடம் தம் மாபெரும் நிறுவனம் எப்படி முதலிடத்தை இழந்தது என்று அதிகாரிகளிடம் எழுத்து மூலம் கேட்டார். பின்னர் ஐ.பி.எம். இன்னும் வேகமான கணினி வருகிறது என்று அறிவித்தது. காத்திருப்போம் என்று வாங்குவோர் பின்வாங்க, செய்து முடிக்காத கணினியைக் காட்டி வியாபாரத்தைக் கெடுத்ததாகக் கொன்ட்ரோல் டேட்டா 1968 இல் வழக்குத் தொடர்ந்தது. அது 1973 இல் இணக்கத்தில் முடிந்தது. போட்டி என்பது ஆய்வுகூடத்துக்குள் மட்டும் நடப்பதன்று.

அடுத்த பெரிய கணினிக்குப் பணம் போதாமற்போனதால் கிரே 1972 இல் விலகி, தம் பெயரிலேயே நிறுவனம் அமைத்தார். 1976 இல் முதலாவது கிரே-1 லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தைச் சென்றடைந்தது. இந்தப் பகுதியைச் சற்று நிதானமாக வாசியுங்கள். ஒரு நனோசெக்கனில் ஒளி செல்லும் தூரம் வெறும் 30 சென்ரிமீற்றர். கம்பியில் மின் சமிக்ஞை அதனிலும் மெதுவாகவே செல்லும். கிரே-1 இன் ஒரு கடிகாரத் துடிப்புக்கு 12.5 நனோசெக்கன் மட்டுமே. அப்படியானால் கம்பி நீண்டால் கணினி தாமதிக்கும். எனவே ஒரு கம்பியும் ஏறத்தாழ 1.2 மீற்றரைத் தாண்டாதபடி, கணினியை ஆங்கில 'சி' எழுத்தைப் போல வளைத்து அமைத்தார். பார்ப்பவர்கள் அழகுக்காக என்று நினைத்தார்கள்!

சுற்றுகளை நெருக்கினால் வெப்பம் கூடும். 115 கிலோவாற்று மின்னை உட்கொண்ட அந்த இயந்திரத்தைக் குளிர்விக்க பிரியோன் குழாய்கள் தேவைப்பட்டன. ஆகவே அவருடைய வாழ்நாட் போராட்டம் இரண்டோடுதான்: தூரம், வெப்பம். குழாயிலிருந்து திரான்சிஸ்டருக்கும், அதிலிருந்து ஒருங்கிணைந்த சுற்றுக்கும் மாறியதன் காரணமும் பெரும்பாலும் இதுவே.

இன்னொரு புதுமையும் உண்டு. 64 மாணவர்களின் புள்ளிகளோடு ஐந்தைந்து கூட்ட வேண்டுமானால், சாதாரண கணினிக்கு அதே கட்டளையை 64 தடவை கொடுக்க வேண்டும். கிரே-1 முழு நிரலையும் ஒரே கட்டளையில் கூட்டியது. செக்கனுக்கு உச்சமாக 16 கோடி கணிப்புகள்! இன்று உங்கள் வீட்டுக் கைத்தொலைபேசி இதை விட வேகமானது என்பது வேறு விடயம். அக்காலத்தில் அதன் விலை 50 இலட்சம் முதல் 80 இலட்சம் டொலர் வரை. 80 இற்கு மேற்பட்டவை விற்பனையாகின. 1985 இல் வந்த கிரே-2 இல் சுற்றுகளைக் குளிர்விக்கும் திரவத்துக்குள்ளேயே அமிழ்த்தி வைத்தார்.

ஆனால் காலம் மாறியது. மலிவான நுண்முறைவழியாக்கிகளை ஆயிரக்கணக்கில் இணைத்தால் போதும் என்று பலர் கூறத் தொடங்கினர். கிரே நம்பியதோ, மிக வேகமான சில முறைவழியாக்கிகளையே. சிலிக்கனைக் கைவிட்டு, கலியம் ஆசனைட்டு என்னும் வேகமான ஆனால் கையாளக் கடினமான பொருளைக் கொண்டு கிரே-3 ஐ அமைக்க முயன்றார். 1989 இல் அதற்கெனத் தனி நிறுவனமும் உருவானது. வேலை இழுபட்டது, 1991 இல் முதலாவது கொள்வனவாளர் கட்டளையை இரத்துச் செய்தார். பனிப்போர் முடிந்ததால் பாதுகாப்புத் துறையின் செலவும் சுருங்கியது. 1993 இல் ஒரேயொரு கிரே-3 வெளியே சென்றது, அதுவும் விலைக்கு அல்ல. 1995 மார்ச்சில் நிறுவனம் வங்குரோத்தானது.

அவரை எதிர்த்த வழியே வென்றது. 2022 இல் செக்கனுக்கு 1 இன் பின் 18 பூச்சியங்கள் கொண்ட கணிப்புகளை முதன்முதலாகத் தாண்டியதாக உலகப் பட்டியலில் இடம்பெற்ற 'புரொன்ரியர்' கணினி, ஆயிரக்கணக்கான முறைவழியாக்கிகளின் கூட்டு. அதன் வடிவமைப்பில் கிரேயின் பெயர் மட்டும் ஒட்டியிருக்கிறது.

வங்குரோத்தின் பின் கிரே ஓய்வெடுத்தார் என்று எண்ணி விடாதீர்கள். 1996 இல், எழுபது வயதில், மீண்டும் ஒரு சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார். இம்முறை பல முறைவழியாக்கிகளைச் சேர்த்து இயக்கும் கணினியே அவரது நோக்கம். தொடங்கிச் சில வாரங்களில், செப்டெம்பர் 22 அன்று, கொலராடோ ஸ்பிரிங்ஸ் நெடுஞ்சாலையில் அவரது வாகனம் விபத்துக்குள்ளானது. ஒக்டோபர் 5 ஆம் திகதி, தமது 71 ஆவது வயதில் அவர் காலமானார்.