சோட்டு ராமின் கடன் சட்டங்கள்: மீண்ட நிலமும் மீளாத மனிதர்களும்

2018ஆம் ஆண்டு அக்டோபரில் அரியானாவின் சாம்ப்லாவில் 64 அடி உயரச் சிலை ஒன்று திறக்கப்பட்டது. உழவர்களின் காவலர் என்று வட இந்தியா போற்றும் சர் சோட்டு ராமின் சிலை அது. காலனியாட்சிக் காலப் பஞ்சாபில் கடன் சட்டங்களை மாற்றியமைத்ததில் அவருக்கு இணையானவர் அரிது. அந்தச் சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், அதில் நிலமற்ற தலித் மக்களுக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்வியோடுதான் அவருடைய வாழ்க்கையை நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

1881 நவம்பர் 24 அன்று ரோத்தக் மாவட்டத்தின் கடி சாம்ப்லா கிராமத்தில், கடனில் மூழ்கிய ஒரு ஜாட் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். இயற்பெயர் ராம் ரிச்பால். வீட்டின் இளையவர் என்பதால் சோட்டு என்று அழைக்கப்பட்டார். மகனின் மேற்படிப்புக்குக் கடன் கேட்டுச் சென்ற தந்தையை, வட்டிக்குக் கொடுப்பவர் தமக்கு விசிறி இழுக்கும்படி ஏவினார் என்றும், அந்த அவமதிப்பு சிறுவனின் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்கின்றனர்.

1905இல் தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், பின்னர் ஆக்ராவில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1916இல் ‘ஜாட் கெஜட்’ என்ற உருது வார இதழைத் தொடங்கினார். ரோத்தக் மாவட்டக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய அவர், ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்க மறுத்து 1920இல் அக்கட்சியை விட்டு வெளியேறினார். 1923இல் பசல்-இ-உசேனுடன் இணைந்து யூனியனிஸ்ட் கட்சியை உருவாக்கினார். முஸ்லிம், இந்து, சீக்கிய நிலவுடைமையாளர்களை மத எல்லை கடந்து ஒன்றிணைத்த கட்சி அது. மதவாத அரசியல் தலைதூக்கிய காலத்தில் இதை எளிய செயலாக எவரும் கருத முடியாது.

அன்றைய பஞ்சாபின் வேளாண் கடன் 1921இல் ஏறத்தாழ 90 கோடி ரூபாய் என்று மால்கம் டார்லிங் என்ற அதிகாரி கணக்கிட்டார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் மாகாண வங்கி விசாரணைக் குழு அதனை 135 கோடியாக மதிப்பிட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தால் விளைபொருள் விலை சரிந்தபோது, அதே கடனை அடைக்க உழவர் முன்னிலும் அதிகத் தானியத்தை விற்க வேண்டியதாயிற்று.

இந்தச் சூழலில்தான் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1934ஆம் ஆண்டின் கடன் நிவாரணச் சட்டம், கடன் சமரச வாரியங்களுக்கு வழிவகுத்தது. 1937இல் அமைந்த சிக்கந்தர் ஹயாத் கான் அமைச்சரவையில் சோட்டு ராம் வளர்ச்சித்துறை அமைச்சரானார். மறு ஆண்டே, வட்டித்தொழில் செய்வோர் பதிவும் உரிமமும் பெறாமல் நீதிமன்றம் வழியே கடனை வசூலிக்க இயலாது என்று சட்டம் இயற்றப்பட்டது. 1901 சூன் 8க்கு முன்பு அடகு வைக்கப்பட்ட நிலங்களை மீட்க மற்றொரு சட்டம் வழி செய்தது. 1939ஆம் ஆண்டின் விளைபொருள் சந்தைச் சட்டம் மண்டிகளில் எடையையும் தரகையும் ஒழுங்குபடுத்தியது. எதிர்த்தவர்கள் இவற்றைக் கறுப்புச் சட்டங்கள் என்றனர். உழவர்களோ பொற்சட்டங்கள் என்று கொண்டாடினர்.

மீட்புச் சட்டம் குறித்த அந்த 1901 சூன் 8 என்ற நாளை நாம் கவனிக்க வேண்டும். 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. அச்சட்டம் மாவட்டந்தோறும் ‘வேளாண் குலங்கள்’ எனச் சில சாதிகளைப் பட்டியலிட்டது. அவர்களுடைய நிலத்தைப் பட்டியலுக்கு வெளியே உள்ளவர்கள் அதிகாரியின் ஒப்புதலின்றி விலைக்கு வாங்க முடியாது. வணிகச் சாதியினரின் கைக்கு நிலம் போவதைத் தடுப்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. ஆனால், தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்த சமார், சூரா போன்ற தலித் சாதியினரும் பொதுவாகப் பட்டியலுக்கு வெளியேதான் நிறுத்தப்பட்டனர். உழுபவர் யார் என்பதை உழைப்பு தீர்மானிக்கவில்லை; பிறப்பே தீர்மானித்தது. சோட்டு ராம் வாழ்நாள் முழுவதும் உறுதியாகக் காத்து நின்ற சட்டம் இதுவே.

1934ஆம் ஆண்டுச் சட்டம், வேளாண் வேலைக்குப் பணமாகவோ தானியமாகவோ கூலி பெறும் கிராமப் பணியாளரையும் கடனாளி என்ற வரையறைக்குள் சேர்த்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், நிலமே இல்லாதவர் அடகு வைத்திருக்க முடியாது. அடகு வைக்காதவருக்கு மீட்பு எதற்கு? விற்க விளைபொருள் இல்லாதவருக்கு மண்டிச் சீர்திருத்தம் என்ன தரும்? மேலும், வணிகச் சாதி வட்டிக்காரர் பின்வாங்கிய இடங்களில், வசதி படைத்த நிலவுடைமையாளரே வட்டிக்குக் கொடுப்பவராக எழுந்தார். அவரிடம் வேலை செய்தவருக்கோ முதலாளியும் கடன்காரரும் ஒருவரேயாயினர்.

ஒடுக்கப்பட்ட மக்கள் இதற்கு அன்றே முகம் கொடுத்தனர். 1926இல் மங்கு ராம் மூகோவாலியா ஓஷியார்பூர் மாவட்டத்தில் ஆதி தர்ம இயக்கத்தைத் தொடங்கினார். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களை ஆதி தர்மிகள் என்று பதிந்தனர். நிலம் வாங்கும் உரிமையும் அவ்வியக்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. ஆனால் 175 உறுப்பினர் கொண்ட மாகாணச் சட்டமன்றத்தில் தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதிகள் 8 மட்டுமே.

1945 சனவரி 9 அன்று லாகூரில் சோட்டு ராம் மறைந்தார். அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகே, பிறப்பின் அடிப்படையில் நிலத்தை மறுத்த அந்தச் சட்டம் செல்லாததாயிற்று. அதற்குள் அரை நூற்றாண்டு கடந்திருந்தது. நிலத்தின் உடைமை உறைந்துபோயிருந்தது. இன்று பஞ்சாபின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் தலித் மக்கள். பஞ்சாயத்துப் பொது நிலத்தில் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட மூன்றில் ஒரு பங்கைக் குத்தகைக்குப் பெறவே சங்ரூர் போன்ற மாவட்டங்களில் அவர்கள் போராட வேண்டியிருக்கிறது.

கடன் தள்ளுபடி, கொள்முதல் விலை, மண்டிப் பாதுகாப்பு ஆகிய உழவர் கோரிக்கைகளை நாமும் ஆதரிக்கிறோம். அவற்றோடு, உழவர் என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதையும் ஒவ்வொரு முறையும் கேட்போம். சோட்டு ராமின் வாழ்க்கை நமக்குத் தரும் பாடம் அதுவே.