விழியிழந்தவருக்கு வழித்துணை

நாயைப் பற்றி எங்கள் பகுதிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ராஜபாளையம் நாயின் வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் நாடறிந்தவை. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்ற நாய் அது. ஆயினும், நாய் ஒரு மனிதனுக்குக் கண்ணாகவும் இருக்கலாம் என்பதை ஆலங்குளத்தில் பிறந்து வளர்ந்த நான் சென்ற கோடைவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அந்த விடுமுறையில் ஓர் உணவு விடுதியில் வேலை பார்த்தேன். வருவோரை வரவேற்று இடம் காட்டுவது என் பணி. ஒரு நண்பகலில் பார்வையற்ற பெரியவர் ஒருவர் நாயுடன் வாசலில் வந்து நின்றார். நாயை வெளியே கட்டிவிட்டு வரச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டார். அது பழக்கப்பட்ட நாய்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை. பின்னாளில் மாரிஸ் பிராங்கின் வாழ்க்கையைப் படித்தபோது அந்தப் பெரியவரின் முதுகுதான் என் கண்முன் நின்றது.

மாரிஸ் பிராங்க் 1908ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் பிறந்தார். ஆறு வயதில் குதிரைச் சவாரியின்போது மரக்கிளை மோதி வலக்கண் போயிற்று. பதினாறாம் வயதில் குத்துச்சண்டையில் பட்ட அடியால் இடக்கண்ணும் போயிற்று. அவர் முடங்கிவிடவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டே காப்பீட்டு முகவராக வேலை செய்தார். ஆனால் வெளியே போவதற்குக் கூலி கொடுத்து ஒரு பையனை அமர்த்த வேண்டியிருந்தது. நல்ல கால்கள் இருந்தும் பிறர் வரவுக்குக் காத்திருக்கும் வாழ்வு! அதுதான் அவரை வாட்டியது.

1927ஆம் ஆண்டு நவம்பரில் வார இதழ் ஒன்றில் வந்த கட்டுரையைத் தந்தை அவருக்குப் படித்துக் காட்டினார். முதல் உலகப் போரில் பார்வை இழந்த ஜெர்மானிய வீரர்களுக்கு வழிகாட்ட நாய்கள் பயிற்றப்படுவதைப் பற்றிய கட்டுரை அது. எழுதியவர் சுவிட்சர்லாந்தில் நாய்ப் பண்ணை நடத்திய டோரதி யூஸ்டிஸ் அம்மையார். தமக்கும் அத்தகைய நாய் கிடைத்தால் தம் நாட்டில் பிறருக்கும் இதைக் கற்பிப்பதாக வாக்களித்துப் பிராங்க் கடிதம் எழுதினார். அம்மையார் அழைத்தார். 1928இல், இருபது வயதில், ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் ஏறக்குறைய ஒரு பார்சலைப் போலவே அவர் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு பெண் அல்சேஷன். அதன் பெயருக்கு முத்தம் என்று பொருள். நடுத்தெருவில் அப்படிக் கூவி அழைக்கக் கூச்சப்பட்டு, தோழன் என்று பொருள்படும் பட்டி என்ற பெயரை வைத்தார். (மேற்கே மலையைத் தாண்டினால் பட்டி என்றாலே நாய்தான்!)

நாய் வழி தெரிந்து கூட்டிச் செல்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியன்று. எங்கே போக வேண்டும் என்பது மனிதனுக்குத்தான் தெரியும். வலம், இடம், நேர் என அவன்தான் ஆணையிடுகிறான். நடைமேடையின் விளிம்பில் நிற்பதும், பள்ளம், கம்பம், வண்டி ஆகியவற்றை விலக்கி நடத்துவதும் நாயின் வேலை. முன்னே செல் என்று ஆணையிட்டாலும் வண்டி வந்தால் அது கீழ்ப்படியக் கூடாது. கீழ்ப்படியாமையையும் பயிற்றுவிப்பதுதான் இதில் விந்தை. நாயின் உடற்பட்டையோடு இணைந்த விறைப்பான கைப்பிடி வழியே அதன் ஒவ்வோர் அசைவும் மனிதன் கைக்கு எட்டுகிறது.

அவ்வாண்டு ஜூன் 11ஆம் நாள் நியூயார்க்கில் இறங்கியதும், பத்திரிகையாளர் பார்த்திருக்க, வண்டிகள் விரையும் அகன்ற சாலை ஒன்றைப் பட்டியுடன் கடந்து காட்டினார். வெற்றி என்ற ஒற்றைச் சொல் தந்தியாக அம்மையாருக்குப் பறந்தது. 1929 ஜனவரி 29 அன்று நாஷ்வில்லில் இருவரும் சேர்ந்து வழிகாட்டி நாய்ப் பள்ளியைத் தொடங்கினர்.

சாலையைக் கடந்தவருக்கு வாசல்களைக் கடப்பதுதான் கடினமாயிற்று. 1928இல் ரயிலின் பயணிகள் பெட்டியில் நாயை உடன் வைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பட்டியுடன் ஊர் ஊராகச் சென்று பேசினார், வாதாடினார். 1935க்குள் அமெரிக்க ரயில்வே நிறுவனங்கள் அனைத்தும் இணங்கின. 1956க்குள் எல்லா மாநிலங்களிலும் பொது இடங்களில் இத்தகைய நாய்களை அனுமதிக்கும் சட்டங்கள் வந்துவிட்டன. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஆனால் சட்டம் வாசலில் நிற்பதில்லை. என்னைப் போன்ற பையன்தான் நிற்கிறான். அவனுக்குத் தெரிய வேண்டியவை கொஞ்சம்தான். நாயிடம் அன்றி மனிதரிடம் பேச வேண்டும். பணியில் உள்ள நாயைத் தடவுவதோ தின்பண்டம் போடுவதோ கூடாது. மேசையடியில் அது படுக்க இடம் வேண்டும். இதைச் சொல்லித் தர அரை மணி நேரம்கூட ஆகாது.

பட்டி 1938 மே 23இல் இறந்தது. பின்னர் வளர்த்த நாய்களுக்கும் பிராங்க் அதே பெயரையே வைத்தார். 1980 நவம்பர் 22இல் அவரும் மறைந்தார்.

இவ்வாண்டு தீபாவளி விடுமுறையில் மீண்டும் அதே விடுதிக்கு வேலைக்குப் போனேன். சுவரோர மேசையின் அடியில் ஒரு நாய் தாராளமாகப் படுக்கலாம் என்று பார்த்து வைத்தேன். முதலாளியிடமும் சொன்னேன், அவர் மறுக்கவில்லை. அந்தப் பெரியவர் வரவில்லை.