பெட்ரோல் சொட்டச் சொட்டக் கடல் தாண்டிய பெண்

முட்டத்திலும் குளச்சலிலும் வந்து மோதுகிறதே அரபிக் கடல், அந்தக் கடலின் வடகரை ஓரமாக 1937-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி ஒரு விமானம் பறந்தது. உள்ளே இரண்டே பேர். ஓட்டியவர் ஒரு பெண். பெயர் அமேலியா ஏர்ஹார்ட். வழி கணித்துச் சொல்ல பிரெட் நூனன் என்பவர் உடன் இருந்தார்.

அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1935-ல் திருவனந்தபுரத்துக்குத் தபால் விமானம் வந்ததையே மக்கள் அதிசயமாகப் பேசிய காலம். அந்தக் காலத்தில் ஒரு பெண் உலகத்தையே சுற்றிவரப் புறப்பட்டு விட்டார்!

அமேலியா 1897-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி அமெரிக்காவில் பிறந்தார். தந்தை வக்கீல். குடிப்பழக்கம் அவருடைய வேலையைக் கெடுத்தது; குடும்பம் ஊர் ஊராக அலைந்தது. 1921-ல் அமேலியா விமானம் ஓட்டப் பழகத் தொடங்கினார். கட்டணத்துக்காக டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தார், லாரியும் ஓட்டினார்.

1928-ல் அட்லாண்டிக் கடலை விமானத்தில் கடந்த முதல் பெண் என்று புகழ் கிடைத்தது. ஆனால் ஓட்டியவர் வேறு ஆள். மூட்டை மாதிரி ஏற்றிச் செல்லப்பட்டது அவருக்குப் பொறுக்கவில்லை.

தன்னந்தனியாக!

1932-ம் ஆண்டு மே 20-ந் தேதி மாலை, தன்னந்தனியாகக் கிளம்பினார். பாரீஸ் போய்ச் சேருவது திட்டம். இரவில் உயரம் காட்டும் கருவி பழுதானது. புயல் வந்தது. இறக்கையில் பனி உறைந்து, விமானம் சுழன்று கீழே இறங்கியது. சமாளித்து நிமிர்த்தினார். எஞ்சினின் புகைக் குழாயில் விரிசல் விட்டு, தீ நாக்கு வெளியே தெரிந்தது. பிறகு மாற்றுத் தொட்டியைத் திறந்தபோது, பெட்ரோல் அளவு காட்டும் கருவி கசிந்து தோளில் சொட்டத் தொடங்கியது.

வெளியே நெருப்பு; உள்ளே பெட்ரோல்! யாராக இருந்தாலும் நடுங்கிப் போவார்கள். அமேலியா பாரீசை மறந்தார். முதலில் தெரிகிற தரையில் இறங்கிவிடுவது என்று தீர்மானித்தார். சுமார் 15 மணி நேரப் பயணத்துக்குப் பின் வட அயர்லாந்தில் மாடு மேயும் ஒரு வயலில் விமானம் இறங்கியது. அவருடைய துணிச்சலைப் பலரும் புகழ்வார்கள். பாரீசை விட்டுக்கொடுத்த அந்தப் புத்திதான் அதைவிடப் பெரிது.

கராச்சி வழியில்

மீண்டும் 1937-க்கு வருவோம். செங்கடல் ஓரத்து ஆசாபிலிருந்து, அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த கராச்சி வரை, எங்கும் இறங்காமல் சுமார் 1,900 மைல். வழியில் வலது எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் பிடி இறுகிக்கொண்டது.

மேலே போகப் போகக் காற்று மெலியும். அதற்கேற்பப் பெட்ரோலையும் குறைக்க வேண்டும். பெட்ரோமாக்ஸ் விளக்கில் காற்று போதாமல் எண்ணெய் அதிகமானால் புகைந்து வீணாகுமே, அதே கதைதான். பிடி அசையாவிட்டால் எஞ்சின் தேவைக்கு மேல் பெட்ரோலைக் குடிக்கும். கராச்சி வருவதற்குள் தொட்டி காலியாகலாம்.

அமேலியா வேகத்தைக் குறைத்தார். மெதுவாகப் பறந்தால் செலவு குறையும் என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை. சுமார் 13 மணி நேரம் பறந்து கராச்சியில் இறங்கினார். அங்கே மெக்கானிக்குகள் கோளாறைச் சரிசெய்தார்கள். அதற்குள் அவர் ஒட்டகச் சவாரியும் செய்து பார்த்துவிட்டார்!

ஜூன் 17-ல் கல்கத்தா. கொட்டுகிற மழையில், சேறான மைதானத்திலிருந்து மறுநாள் கிளம்பி, ரங்கூன், சிங்கப்பூர் வழியாக நியூகினியின் லே நகரை அடைந்தார்.

ஜூலை 2-ந் தேதி லேயிலிருந்து ஹவ்லாந்து தீவுக்குப் புறப்பட்டார். தூரம் 2,500 மைலுக்கு மேல். தீவோ ஒன்றரை மைல் நீளம்தான். நடுக்கடலில் கிடக்கும் ஒரு மணல்திட்டு. தீவருகே காத்திருந்த இடாஸ்கா என்ற கப்பலுக்கு அவருடைய குரல் ரேடியோவில் கேட்டது. தீவு கண்ணில் படவில்லை, பெட்ரோல் குறைகிறது என்று தெரிவித்தார். கப்பல் சொன்னதெல்லாம் அவருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இந்தத் தடவை இறங்க வேறு வயல் இல்லை. சற்று நேரத்தில் குரலும் நின்றது.

நாற்பது வயது நிறைய இன்னும் 22 நாட்களே இருந்தன. கப்பல்களும் விமானங்களும் இரண்டு வாரத்துக்கு மேல் தேடின. விமானமும் கிடைக்கவில்லை, ஆட்களும் கிடைக்கவில்லை. 1939-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி, அமேலியா இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.